அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் மெமரி பஞ்சம்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை)



"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிடம் பேசு" என்று செயலாளர் உத்தரவு போட்டார். 2011-இல் இங்கிருந்து வெளியே போனவன் நான். பெங்களூரில் சர்வர்களைக் காவல் காப்பது வேலை. முந்நூறு சர்வரில் எதில் மெமரி குறைகிறது என்று சொல்வதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். ஆனால் அந்த முந்நூறையும் விட்டுவிடுகிறேன். கரூரில் என் அக்கா வீட்டில் இருக்கிற ஒரே ஒரு கம்ப்யூட்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

அக்கா வீட்டிலிருந்தே ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறார். 2023 ஜூனில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11. நானே நேரில் போய் எல்லாவற்றையும் "செட்" பண்ணிக் கொடுத்து, அக்கா சுட்ட தோசை ஆறையும் தின்றுவிட்டுத் திரும்பினேன்.

மூன்றாவது மாதமே போன் வந்தது. "தம்பி, மெமரி கம்மியா இருக்கு, எல்லாத்தையும் மூடுன்னு சொல்லுதுடா. டேலி பாட்டுக்கு மூடிக்குது. ரெண்டு சாயங்காலம் ஏத்துனது போச்சு."

நான் கேட்ட முதல் கேள்வி, "ப்ரவுசர்ல எத்தனை டேப் திறந்து வெச்சிருக்கே?" என்பது. கேள்வி என்றுகூடச் சொல்ல முடியாது, தீர்ப்புதான். அக்கா டேப்களை மூடினார். மறுபடி போன். இலவச "மெமரி க்ளீனர்" ஒன்றைப் போடச் சொன்னேன். அது ஓடுகிற புரோகிராம்களிடமிருந்து ரேமைப் பிடுங்கி, எண்ணைக் குறைத்துக் காட்டும். அடுத்த நிமிடமே அந்தப் புரோகிராம்கள் அதே பக்கங்களைத் திரும்பக் கேட்கும். வாடகைக்கு இருப்பவரை வாசலில் நிறுத்திவிட்டு வீடு காலி என்பது போல. மிஷின் இன்னும் மெதுவானதுதான் மிச்சம். கடைக்காரர் இன்னொரு 8 ஜி.பி. போடச் சொன்னார். அக்கா இதற்குள், "எனக்கு இந்தப் பொட்டி ராசியில்லடா, ரெண்டு கடைக் கணக்கைத் திருப்பிக் குடுத்திடறேன்" என்ற நிலைக்கு வந்துவிட்டார்.

அக்டோபர் 18-ஆம் தேதி ஊருக்குப் போனேன். ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்னுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள். அக்கா என்னோடு சரியாகப் பேசக்கூட இல்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைப் பார்த்தேன். 8 ஜி.பி.யில் 7.7 கணக்கில் இருந்தது. மீதியை உள்ளேயே இருக்கிற கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளும், அது இயல்பு. பயன்பாட்டில் 5.3. அப்படியானால் இரண்டு ஜி.பி.க்கு மேல் சும்மா கிடக்கிறது! பிறகு ஏன் பஞ்சம்?

கீழே "கமிட்டெட்" என்று இன்னொரு வரி. 7.4 / 7.7 என்றிருந்தது.

நம் ஊர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதுதான் கமிட். ஒரு புரோகிராம் இவ்வளவு மெமரி வேண்டும் என்று கேட்டதும் விண்டோஸ் வாக்குக் கொடுத்துவிடுகிறது. ஆள் வந்து உட்காருவது பிறகுதான். பாதி சீட் காலியாகத் தெரியும், ஆனால் எல்லாவற்றிலும் துண்டு கிடக்கும். அடுத்து வருகிறவருக்குக் கண்டக்டர் இடமில்லை என்பார். எத்தனை துண்டு வரை அனுமதிக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ரேமோடு, வட்டில் இருக்கிற பேஜ் ஃபைலையும் கூட்டினால் வருவது அது. பேஜ் ஃபைல் டிப்போவில் நிற்கிற ஸ்பேர் பஸ். அது இருக்கிற தைரியத்தில்தான் கண்டக்டர் தாராளமாக இருக்க முடியும்.

அக்கா வீட்டில் எல்லை 7.7, ரேமும் 7.7. ஸ்பேர் பஸ்ஸே இல்லை என்று அர்த்தம். ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைப் பார்த்தால் 2004 என்ற எண்ணில் வரிசையாகப் புகார்கள். விர்ச்சுவல் மெமரி தீர்ந்தது, அதிகம் எடுத்தவை இன்னின்ன புரோகிராம்கள் என்று பெயர் போட்டே எழுதி வைத்திருந்தது. மாதக்கணக்காக அது சொல்லிக்கொண்டிருக்கிறது, படிக்க ஆளில்லை.

சரி, பேஜ் ஃபைலை யார் எடுத்தது? தோசை தின்ற அன்று நான்தான். எஸ்.எஸ்.டி.யில் அடிக்கடி எழுதினால் ஆயுள் குறையும் என்று எங்கேயோ படித்த அரைகுறை ஞானம். வீட்டு உபயோகத்தில் அந்தப் பயத்துக்கு இன்றைய எஸ்.எஸ்.டி.யில் இடமில்லை.

இதில் என் மானம் போகிற விஷயம் ஒன்று. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரைப் பற்றி இதே கட்டடத்தில்தான் படித்தேன். மைய நினைவகம் 16,384 சொற்கள்தான். அத்தோடு 98,304 சொற்கள் கொள்ளும் சுழலும் டிரம்மையும் இணைத்து, இரண்டும் ஒரே நினைவகம்தான் என்று புரோகிராம்களை நம்பவைத்தார்கள். அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கினேன். அந்த டிரம்மைத்தான் அக்கா வீட்டில் கழற்றிப் போட்டிருந்தேன்.

சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆனது. சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் விர்ச்சுவல் மெமரி பகுதிக்குப் போய், பேஜ் ஃபைலை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற கட்டத்தில் டிக் அடித்து, ரீஸ்டார்ட் செய்தேன். எல்லை 9-ஐத் தாண்டியது, தேவைப்பட்டால் இன்னும் நீளும். நீள்வதற்கு சி டிரைவில் காலி இடம் வேண்டுமே என்று மாமாவின் கல்யாண வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றினேன். (அதற்குத்தான் இரண்டு மணி நேரம்.) கடைக்காரர் சொன்னபடி 8 ஜி.பி. வாங்கிப் போட்டிருந்தாலும் எல்லை உயர்ந்து, தொல்லை நின்றிருக்கும். தப்பு என்னுடையது என்பது மட்டும் யாருக்கும் தெரிந்திருக்காது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. சொல்லிவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் டேப் திறந்ததாலே இல்லையா?" என்றார். "இல்லைக்கா."

"செரி, உக்காரு" என்று பில் கட்டை என் மடியில் போட்டார். ராத்திரி இரண்டு மணி வரை நான் பில் நம்பரைப் படிக்கப் படிக்க, அக்கா ஏற்றினார். டேலி, எக்செல், ப்ரவுசரில் பதினேழு டேப், எல்லாம் திறந்தே இருந்தன.