காய்ச்சல் விட்ட நாள்



கும்மிடிப்பூண்டிப் பகுதியில் நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. "உடம்பு குளிர்ந்துவிட்டது, ஐயா" என்று அவன் தந்தை மகிழ்ந்து கூறினார். "அப்படியானால் நாளைக்குத் தேர்வெழுத அனுப்புங்கள்" என்றேன் நான். மறுநாள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவன் வயிற்றுவலியால் சுருண்டான், கைகால்கள் சில்லிட்டன. மருத்துவர்கள் அவனைக் காப்பாற்றினார்கள். எனினும், என் அறியாமை இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. காய்ச்சல் தணிந்த பிறகு ஆபத்து வருவானேன்? இதனைப் பின்னர்தான் படித்தறிந்தேன்.

நம் இரத்தக் குழாய்களின் உட்புறத்தை ஒற்றை வரிசை உயிரணுக்கள் போர்த்தியிருக்கின்றன. இப்போர்வையை எண்டோதீலியம் என்பர். அடுத்தடுத்த உயிரணுக்களைக் கேடரின் என்னும் புரதங்கள் கைகோத்தாற்போலப் பிணைத்து நிற்கின்றன. இதனை உயிரற்ற சுவர் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊர் ஏரிக்கரையின் மதகைப் போன்றது இது. வேண்டியபோது திறக்கும், வேலை முடிந்ததும் மூடும்.

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்குகிறதல்லவா? அதுவே அழற்சி. 1867ஆம் ஆண்டில் கோன்ஹைம் என்னும் ஜெர்மானிய அறிஞர், தவளையின் மெல்லிய சவ்வில், வெள்ளை அணுக்கள் குழாய்ச் சுவரைக் கடந்து வெளியேறுவதை நுண்நோக்கியில் கண்டார். 1961இல் மஜ்னோ, பாலடே என்ற இருவர் மின்னணு நுண்நோக்கியின் துணையால் மற்றோர் உண்மையைக் காட்டினர். காயம்பட்ட இடத்தில் சுரக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் பட்டால், நுண்சிரைகளின் உயிரணுக்களிடையே இடைவெளிகள் தோன்றுகின்றன. அவ்வழியே குருதி நீரும் புரதங்களும் கசிந்து கிருமியை எதிர்க்கச் செல்கின்றன. பின்னர், பிணைப்பை இறுக்கும் வேறு பொருள்கள் மதகை மூடுகின்றன. ஒரு விரலளவில் இது நிகழ்ந்தால் நன்மையே.

டெங்குவில் சிலருக்கு உடல் முழுவதும் மதகுகள் திறந்துவிடுகின்றன. வைரஸ் உண்டாக்கும் என்.எஸ்.1 என்ற புரதம் இத்தடுப்பை நேரே குலைக்க வல்லது என்பதை 2015இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நம் உடலின் எதிர்ப்புப் பொருள்களும் அளவு மீறிச் சுரந்து கசிவைப் பெருக்குகின்றன. நீர் வெளியேறச் சிவப்பணுக்கள் உள்ளேயே தங்க, இரத்தம் கெட்டிப்படுகிறது. இரத்த அழுத்தம் வீழ்கிறது. இது பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே நிகழ்கிறது. கசிவு ஏறத்தாழ 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பிறகு மதகுகள் தாமே மூடிக்கொள்ள, கசிந்த நீர் குழாய்க்குத் திரும்புகிறது. ஆகவேதான் மருத்துவர்கள் இரத்தத்தை அடிக்கடி சோதித்து, அளந்து நீரேற்றுகிறார்கள். குறைந்தால் உயிருக்குத் தீங்கு. மிகுந்தாலோ நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்.

இந்நோய் நமக்குப் புதியதன்று. 1960களிலேயே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து இவ்வைரஸைப் பிரித்தெடுத்தனர். 2012இல் தமிழகத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இதனால் துன்புற்றனர். நம் தொழிற்பேட்டைப் பகுதியில் மூடாத தண்ணீர்ப் பீப்பாய்களும் வீசியெறிந்த டயர்களும் கண்ணிற் படாத தெரு ஏது? பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்கு அவையே தொட்டில்கள்.

மாணவர்களே! டெங்கு கண்ட பெரும்பாலோர் எளிதில் குணமடைவர். ஆயினும், காய்ச்சல் விட்டபின் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறுகளில் இரத்தக் கசிவு, சோர்வு அல்லது அமைதியின்மை தோன்றினால், ஒரு நாழிகையும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு விரையுங்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைத் தாமாக விழுங்க வேண்டாம். உடம்பு குளிர்ந்தது என்பதால் மட்டும் நோய் நீங்கியதாக எண்ணாதீர்கள். மதகு மூடிற்றா என்பதே கேள்வி. அன்று அந்தத் தந்தையிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதும் இதுவே.