காகிதத்தில் கேட்கும் ஜாஸ்



ஜாஸ் இசையைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்தும் அமெரிக்கப் படப்புத்தகங்களில் பல, பெரிய மேதைகளின் வாழ்க்கைக் கதைகள். டியூக் எலிங்டனைப் பற்றி ஆண்ட்ரியா டேவிஸ் பிங்க்னி எழுத, பிரையன் பிங்க்னி படம் வரைந்து 1998இல் வந்த புத்தகம் கண்ணுக்கு விருந்து. ஆனால் இந்த வகைக் கதைகளில், பையன் புகழ் பெறப்போகிறான் என்பது அட்டையைப் பார்த்ததுமே தெரிந்துவிடுகிறது. அடுத்த சுரம் எங்கே போகும் என்று வாசிப்பவருக்கே முன்கூட்டித் தெரியாத இசை ஜாஸ். அந்தத் தவிப்பைச் சொல்ல, கற்பனையில் பிறந்த கலைஞர்களே பொருத்தமானவர்கள் என்பது என் எண்ணம்.

ரேச்சல் இசடோரா எழுதி வரைந்த ‘பென்ஸ் டிரம்பெட்’ 1979இல் வெளியானது. மறு ஆண்டு, படப்புத்தக ஓவியத்துக்கான கால்டெகாட் கௌரவ விருது பெற்றது. 1920களின் நகரம். பென் என்ற கறுப்பினச் சிறுவன் மாலையில் கட்டடத்தின் வெளிப்புற இரும்புப் படியில் உட்கார்ந்து, ஜிக்ஜாக் ஜாஸ் கிளப்பிலிருந்து வரும் இசையைக் கேட்கிறான். பியானோ, சாக்ஸபோன், டிராம்போன், டிரம்ஸ் எல்லாமே அவனுக்குப் பிடிக்கும். ஆனாலும் உயிர் டிரம்பெட்டில்தான். கையில் ஒன்றுமில்லாமலே அவன் ஊதுகிறான். வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுகிறான். தெருப் பிள்ளைகள் சிரித்ததும் வாசிப்பதை நிறுத்திவிடுகிறான்.

புத்தகம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே. ஒலியே இல்லாத தாளில் ஒலியைக் கொண்டுவர இசடோரா நம்பியது கோட்டைத்தான். கோடுகள் மடங்கி மடங்கி ஓடுகின்றன, வெட்டிக்கொள்கின்றன, சட்டென்று நிற்கின்றன. அந்தக் காலத்து ஆர்ட் டெக்கோ பாணியின் கூர்மையான வடிவங்கள் தாளத்தின் வேலையைச் செய்கின்றன. இசடோரா முதலில் பாலே நடனக் கலைஞர். காலில் அடிபட்டு மேடையை விட்ட பிறகே ஓவியத்துக்கு வந்தவர். பென் முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்து நிற்கும் நிலைகளைப் பாருங்கள். இசை உடம்பில் எங்கே ஏறுகிறது என்று அறிந்த கை வரைந்தது அது. இல்லாத வாத்தியத்தை நம் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது அந்த உடம்பு.

கிளப்பின் டிரம்பெட் கலைஞர் கடைசியில் பென்னை உள்ளே அழைத்துப்போய் நிஜ வாத்தியத்தைக் கொடுக்கிறார். அவன் பிறகு என்ன ஆனான்? புத்தகம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன். அவன் பேர் வாங்கினால்தான் அந்த முதல் ஊதலுக்கு மதிப்பு என்றில்லையே!

இன்னொரு புத்தகம், தாச்சர் ஹர்டின் ‘மாமா டோன்ட் அலவ்’, 1984. ‘குட்நைட் மூன்’ புத்தகத்துக்குப் படம் வரைந்த கிளமென்ட் ஹர்டின் மகன் இவர். கதாநாயகன் மைல்ஸ், சாக்ஸபோன் ஊதும் ஒப்போசம் என்ற சிறு விலங்கு. இவன் இசைக்குழுவின் சத்தத்தை ஊரில் யாருக்கும் பொறுக்கவில்லை. சதுப்புநிலத்து முதலைகள் மட்டும் ரசித்துக் கேட்கின்றன. படகில் கச்சேரிக்கும் அழைக்கின்றன. விருந்தில் சூப்பாகப் போவது தாங்கள்தான் என்று தெரிந்ததும், குழு தாலாட்டு வாசித்து முதலைகளைத் தூங்கவைக்கிறது. படங்களில் நிறம் கொப்பளிக்கிறது. வேடிக்கைக் கதைதான், ஆனால் எதிரே இருப்பவரைப் பார்த்து, அந்த நொடியிலேயே வாசிப்பை மாற்றிக்கொள்ளும் ஜாஸ்காரரின் திறமையை இவ்வளவு எளிதாகக் குழந்தைக்குச் சொன்ன புத்தகம் அபூர்வம். பென்னிடம் ஏக்கம் இருக்கிறது, மைல்ஸிடம் சமயோசிதம். என் மனம் பென் பக்கமே சாய்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பென்னின் கதையைப் படித்துக் காட்டிய பிறகு, லூயி ஆம்ஸ்ட்ராங் 1928இல் பதிவுசெய்த ‘வெஸ்ட் எண்ட் புளூஸ்’ இசையைப் போடுங்கள். அதன் தொடக்கத்தில் பக்கவாத்தியம் எதுவுமில்லாமல் டிரம்பெட் மட்டும் தனியே பாய்கிறது. புத்தகம் முதலில், இசை அதன்பிறகு என்ற வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். இசை முன்னால் வந்துவிட்டால், அந்தக் கோடுகளுக்குத் தானே ஒரு ஒலியைக் கற்பிக்கும் வேலை குழந்தைக்கு இல்லாமல் போய்விடும்.