வாசிகசாலையும் வாலிபர் தொண்டும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



வயதிலும் அறிவிலும் மூத்தோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையிலே, பல்கலைக்கழகப் படிப்பை இன்னும் முடிக்காத நாம் பேசத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றே. இன்று எடுத்துக்கொண்ட தொண்டு எம் வயதினராலும் எமக்கு இளையோராலும் செய்யப்பட வேண்டியது. ஆதலின் அதைப் பற்றி எம்மவரே பேசுதல் பொருந்தும் என எண்ணினோம்.

சைவ மக்களுக்குப் பழகிய ஓர் எண்ணத்திலிருந்து தொடங்குவோம். சரியை, கிரியை, யோகம், ஞானம் என நால்வகை நெறி கூறுவர். ஞானம் முடிவிலே நிற்பது, சரியை முதற்படி. சரியையாவது உடம்பினாற் செய்யும் தொண்டு. திருக்கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூமாலை தொடுத்தல், விளக்கேற்றுதல் என்பன அதிலடங்கும். அப்பர் சுவாமிகள் நாவுக்கரசர் எனப் பெயர் பெற்றவர். ஆயினும் அவர் திருவுருவத்திலே நாம் காண்பது ஏடன்று, உழவாரப்படை. நாவாலே பாடிய பெருமான் கையாலே புல்லும் செதுக்கினார். அறிவுக்குரிய கோயிலாகிய நூலகத்துக்கும் இத்தகைய சரியைத் தொண்டு ஒன்று உண்டு என்பதே நாம் இன்று கூற விழைவது.

இன்று எமது பொது நூலகங்களுக்கு வாலிபர் செல்லவில்லை என்று ஒருவரும் கூறார். செல்கின்றனர். காலையிலே சென்று மேசையில் இடம் பிடிக்கின்றனர். வீட்டிலிருந்து கொண்டுவந்த குறிப்புக் கொப்பியையும் கடந்தகால வினாத்தாள்களையும் விரிக்கின்றனர். மாலையிலே அவற்றை மடித்துக்கொண்டு ரியூஷன் வகுப்புக்குப் போகின்றனர். முதுகுக்குப் பின்னே அடுக்கடுக்காக நிற்கும் நூல்களை ஒருமுறையேனும் திரும்பிப் பாராமற் போவோர் பலர். பரீட்சைப் போட்டியின் கொடுமையை நாம் அறியாதவரல்லேம். அவர்களைக் குறைகூறவும் வரவில்லை. ஆனால், நூலகம் நிழலும் மின்விசிறியும் உள்ள ஓர் இடமாக மட்டும் எண்ணப்படுமாயின், பரீட்சை முடிந்த அன்றே அவ்வுறவும் முடிந்துவிடும் அன்றோ?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு நமக்கு வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. 1933ஆம் ஆண்டிலே க. மு. செல்லப்பா என்னும் பெரியார் தமது இல்லத்திலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுத்து வந்தார். அரசினர் கட்டளையிட்டதனால் அன்று. ஊரவர் படிக்க வேண்டுமென்ற ஆவலினால். 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையிலே, 844 புத்தகங்களுடன் அது பொது நூலகமாக மலர்ந்தது. மறு ஆண்டு நகரசபை அதனைப் பொறுப்பேற்றது. ஐம்பதுகளிலே, தக்கதொரு கட்டடம் எழுப்பவேண்டுமெனப் பெரியோர் பலர் முயன்று நிதி திரட்டினர். அவர்களுள் முன்னின்றவர் சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த லோங் அடிகளார். 1954 மார்ச் 29ஆந் திகதி அடிக்கல் நாட்டப்பட்டது. 1959 ஒக்டோபர் 11ஆந் திகதி அப்போதைய நகரபிதா அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்து வைத்தார். 1967இல் சிறுவர் பகுதி தொடங்கிற்று.

கத்தோலிக்கத் துறவி ஒருவர் ஓடியாடி உழைத்த அந்த நூலகத்தின் முன்றிலிலே இன்று சரசுவதி வீற்றிருக்கின்றாள். மிஷன் பாடசாலையிற் பயின்ற எமக்கு இக்காட்சி மிகவும் உவப்பானது. வட்டுக்கோட்டையிலே அமெரிக்க மிஷனார் நடத்திய செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களே, கறையானுக்கு இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். கற்ற இடம் எதுவாயினும், கற்றதைக் கொண்டு செய்யும் தொண்டு ஊருக்கே உரியது.

1981 மே 31ஆந் திகதி இரவு மூட்டப்பட்ட தீயிலே அந்நூலகம் எரிந்ததையும், ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பரானதையும் நாம் விரித்துக் கூறவேண்டியதில்லை. நாம் அப்பொழுது பிறந்தவரல்லேம். ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். கட்டடத்தை மீளக் கட்டிவிட்டார்கள். அது இன்று வெண்மையாக நிமிர்ந்து நிற்கின்றது. ஆனால் நூலகம் என்பது சுவரன்று. தீயினால் அழிந்ததை எண்ணிக் கண்ணீர் விடும் நாம், தீண்டுவாரின்றித் தூசியினால் அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

அக்கட்டடம் எழுந்த காலத்தில் ஆலோசனை வழங்கியவர் நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன். ஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த சீர்காழியே அவர் பிறந்த ஊரும். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளின் சாரம் யாதெனில், நூல் பூட்டி வைக்கும் பொருளன்று. ஒவ்வொரு வாசகனுக்கும் உரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகனும் காலம் வீணாகாமற் சந்திக்கவேண்டும். நூலகம் வளர்ந்துகொண்டேயிருக்க வேண்டும் என்பதாம். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியிலே மாட்டுவண்டியொன்றில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றனர். வாசகன் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

இனி, வாலிபர் செய்யத்தக்க தொண்டுகள் எவையெனப் பார்ப்போம்.

முதலாவது, அடுக்கை ஒழுங்கு செய்தல். இடம் மாறி வைக்கப்பட்ட நூல் தொலைந்துபோன நூலுக்குச் சமம். பட்டியலில் அதன் பெயர் இருக்கும். தேடுவோன் கையில் அது அகப்படாது. எமது நூலகங்களிற் பயிலும் தூயி பகுப்பு முறையிலே சமயம் 200 எனவும், இந்து சமயம் 294.5 எனவும் எண் பெறும். புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களைத் தசமமாகக் கொள்ளவேண்டும். புதியவர் 294.52ஐ முன்னும் 294.513ஐப் பின்னும் வைப்பர், 513 பெரிதென்று எண்ணி. உண்மையில் 294.513 முன்னே நிற்கவேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கு இதைக் கற்பிக்க ஒரு நாழிகை போதும். கற்றவன் வாரந்தோறும் ஓரடுக்கைச் சரிபார்ப்பானாயின், பரீட்சைக்கு வேண்டாத எத்தனையோ நூல்களின் பெயரையாவது அவன் அறிந்துகொள்வான். ஒன்றிரண்டைத் திறந்தும் பார்ப்பான். கை செய்த தொண்டு கண்ணை அழைத்துச் செல்லும்.

இரண்டாவது, நைந்த நூல்களைப் பேணுதல். கிழிந்த தாளில் செலோரேப்பை ஒட்டுவது நன்மை செய்வதாகத் தோன்றும். சில ஆண்டுகளில் அது மஞ்சளித்துத் தாளையும் கெடுத்துவிடும். மெல்லிய தாளும் மாப்பசையுமே ஏற்றவை. இதனை நூலகத்துப் பணியாளரிடம் முறையாகப் பழகவேண்டும்.

மூன்றாவது, சிறுவர்க்குக் கதை வாசித்தல். இங்கிலாந்திலே 1999 தொடக்கம் கோடை விடுமுறையில், ஆறு நூல்களைப் படித்து முடிக்கும்படி சிறுவரைப் பொதுநூலகங்கள் ஊக்குவித்து வருகின்றன. படித்த கதையைப் பற்றிச் சிறுவன் சொல்ல, அருகிருந்து கேட்பவர் பதின்ம வயதுத் தொண்டர். எட்டு வயதுச் சிறுமிக்கு ஆசிரியரைக் கண்டால் அச்சம் வரலாம். பதினாறு வயது அக்காவைக் கண்டால் வாராது. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு பாயும், பத்துப் புத்தகமும், சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரமும் போதும். எமது கிராமத்துச் சனசமூக நிலையங்களிலும் இதனைச் செய்யலாம். பார்வை மங்கிய முதியோர்க்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுவதும் இவ்வகைத் தொண்டே.

நான்காவதை மிக முக்கியமானதெனக் கருதுகின்றோம். எம்மூர் வீடுகளிலே அந்தியேட்டி நாளில் வழங்கும் கல்வெட்டுகள், கோயிற் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், சங்க ஆண்டு மலர்கள் என்பன அலுமாரி மேலே மூட்டையாய்க் கிடக்கின்றன. ஒரு கிராமத்தின் வமிசாவளி, கிணறு வெட்டியவர், பள்ளிக்கூடம் நிறுவியவர், கடல் கடந்து போனவர் பற்றிய செய்திகளெல்லாம் அவற்றில் உள்ளன. அவை கடைகளில் விற்பவையல்ல. ஒருமுறை அழிந்தால் மறுமுறை வாங்க முடியாது. வாலிபர் இருவர் இருவராகச் சைக்கிளிற் சென்று, வீட்டாரின் சம்மதத்துடன் அவற்றைப் பெற்று, ஊரும் ஆண்டும் குறித்து நூலகத்துக்கு அளிக்கலாம். கொடுக்க மனமில்லாதோரிடம் படமெடுத்து மீளக் கையளிக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் இவ்வாறு ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவிற் பேணி வருவதை நீங்கள் அறிவீர்கள். “எல்லாம் கைப்பேசியிலே கிடைக்கின்றனவே, நூலகம் எதற்கு?” எனக் கேட்பார்க்கு எமது மறுமொழி இதுவே: ஒருவர் தேடியெடுத்துச் சேர்த்தாலன்றி, உங்கள் பாட்டனாரின் கல்வெட்டு கைப்பேசிக்குத் தானாக வந்து சேராது.

“பிள்ளைகளின் படிப்புக் கெட்டுவிடும்” என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பரீட்சை நெருங்கிய காலத்திலே எவரையும் அழைக்க வேண்டாம். ஆனால், சாதாரண தரப் பரீட்சை எழுதியபின் பெறுபேறு வரும்வரை எம்மிளைஞர்க்குச் சில காலம் ஓய்வு கிடைக்கின்றது. தெருச் சந்தியிலும் கைப்பேசியிலும் அக்காலம் கரைகின்றது. இருபது பேர் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாகப் பன்னிரண்டு வாரம் உழைத்தால் 480 மணி நேரத் தொண்டு சேரும். அதற்கு மேலாக, ஒரு பொறுப்பை ஏற்று முடித்தவன் என்னும் பெருமை அவனைச் சேரும்.

சில எல்லைகளையும் சொல்லவேண்டும். தொண்டர் நூலகருக்குத் துணையாவாரன்றி அவருடைய உத்தியோகத்தைப் பறிப்பாரல்லர். சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தொண்டின் பெயராலே சிறுவர் தலையிற் சுமத்துதல் முறையன்று. நாளும் நேரமும் முன்னரே குறிக்கப்படல் வேண்டும். பொறுப்பான பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். ஆண்பிள்ளைகளைப் போலவே பெண்பிள்ளைகளும் அச்சமின்றி வந்துபோக வழி செய்தல் வேண்டும். சமயம், ஊர், குலம் என்னும் வேறுபாடு வாசற்படியோடு நிற்கவேண்டும். சான்றிதழ் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் சான்றிதழுக்காக மட்டும் வருபவன் அது கிடைத்த மறுநாள் வாரான்.

ஆதலின் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். நவராத்திரி காலத்திலே நாம் நூல்களைச் சரசுவதியின் முன் அடுக்கிப் பூசை செய்கின்றோம். விசயதசமியன்று ஏடு தொடக்குகின்றோம். வரும் விசயதசமியன்று எமது சங்கத்து இளைஞரின் தொண்டர் அணியொன்று, அருகிலுள்ள பொது நூலகத்தின் நூலகரை அணுகி, அவர் காட்டும் ஓரடுக்கைப் பொறுப்பேற்கட்டும். ஒரேயோர் அடுக்குப் போதும். அதனை ஓராண்டு தூசியின்றி, ஒழுங்கு குலையாது, வாசகர் கைக்கு எட்டும்படி காத்தால் அடுத்த ஆண்டு மலரிலே எழுதுவதற்குப் பேச்சன்றிச் செயலே இருக்கும்.