இரண்டாம் பாதி இல்லாத கதை

(சிம்பாங் ரெங்கத்தில் பெற்றோர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியோர்களே, பின்வரிசையில் மோட்டார் சாவியைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பிகளே!

தொலைக்காட்சி நாடகத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிம்பாங் ரெங்கத்துக்கு வந்து நாடகம் பேசுகிறானே என்று நினைத்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கதை இந்த ஊருக்கே வந்து சேரும்.

நம் வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஓடுகிற குற்றவியல் நாடகங்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். மோட்டார் கும்பல் ஒன்று இருக்கும். தோல் சட்டை, முதுகில் சின்னம். ஒருவன் கொல்லப்படுவான். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் முடிவதற்குள் கொலைகாரன் பிடிபடுவான்.

1990-ல் தொடங்கிய 'லா அண்ட் ஆர்டர்' என்ற அமெரிக்கத் தொடரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதன் ஒவ்வொரு கதையும் இரண்டு பாதி. முதல் பாதியில் போலீஸ் துப்பறிந்து ஒருவனைக் கைது செய்யும். இரண்டாம் பாதி நீதிமன்றம். போலீஸ் உறுதியாகச் சொன்ன சாட்சியம் அங்கே ஆட்டம் காணும். சில நாட்களில் கைதானவன் நிரபராதி என்று தெரியவரும். சில நாட்களில் குற்றவாளி தப்பிவிடுவான். எப்படியானாலும், என்ன நடந்தது என்று பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

இது நாடகம்தானே என்பீர்கள். சரி, நிஜத்தைப் பார்ப்போம்.

கனடாவில் கியூபெக் மாநிலம். 1994-லிருந்து 2002 வரை 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்', 'ராக் மெஷின்' என்ற இரண்டு மோட்டார் கும்பல்கள் போதைப்பொருள் சந்தைக்காக மோதிக்கொண்டன. 150-க்கும் அதிகமானோர் செத்தார்கள். 1995-ல் கார் குண்டு வெடித்து, வழியில் இருந்த 11 வயதுப் பையன் இறந்தான். 1997-ல் சிறைக் காவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். ஒரு பெண் காவலர் வேலை முடிந்து காரில் வீடு திரும்பும்போது மோட்டாரில் வந்தவர்கள் சுட்டார்கள். அவரோடு இவர்களுக்கு எந்தப் பகையும் இல்லை. அரசாங்கத்தையும் நீதித்துறையையும் மிரட்டுவதற்காகச் செய்த கொலை அது.

கொல்லச் சொன்னவன் மொரீஸ் பூஷே என்ற கும்பல் தலைவன். 1998-ல் அவனை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். நடுவர்கள் அவனை விடுதலை செய்துவிட்டார்கள்! அரசாங்கம் என்ன செய்தது? மேல்முறையீடு செய்தது. மறு விசாரணைக்கு உத்தரவு வாங்கியது. 2002-ல் அவன் குற்றவாளி என்று தீர்ப்பாகி ஆயுள் தண்டனை பெற்றான். 2022-ல் சிறைவாசியாகவே இறந்தான்.

அந்த ஊர் நீதிமன்றமும் தங்கம் இல்லை. 2011-ல் விசாரணை அளவுக்கு மீறி இழுத்தடிக்கும் என்று சொல்லி ஒரு நீதிபதி 31 பேரை விடுவித்தார். மக்கள் கொதித்தார்கள். ஆனால் அதுவும் எல்லோர் கண் முன்னாலும் நடந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

வெளியூர்க்காரர்களுக்கு சிம்பாங் ரெங்கம் என்றால் அன்னாசியும் செம்பனையும் நினைவுக்கு வரலாம். ஆனால் நாடு முழுவதும் தோட்டத்திலும் கம்பத்திலும் உள்ள எத்தனையோ இந்தியத் தாய்மார்களுக்கு இந்தப் பெயர் வேறு மாதிரி கேட்கும். "எங்கே உன் மகன்?" "சிம்பாங் ரெங்கம்." அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

1969 மே 13 கலவரத்துக்குப் பின் அவசரகாலச் சட்டம் ஒன்று வந்தது. போலீஸ் ஒருவரை 60 நாள் வைத்திருக்கலாம். பிறகு உள்துறை அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு ஆண்டு தடுப்புக்காவல். அதை நீட்டிக்கவும் முடியும். குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. கலவரத்துக்காக வந்த சட்டம் 40 ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது. குண்டர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை அந்தச் சட்டத்தில் பிடித்து இங்கே அடைத்தார்கள்.

கமுந்திங் என்றால் உலகத்துக்கே தெரியும். அங்கே அரசியல்வாதிகள் இருந்தார்கள். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவரை அங்கே கொண்டுபோனபோது நாம் மெழுகுவர்த்தி ஏந்தினோம், தேங்காய் உடைத்தோம். சரியாகத்தான் செய்தோம். சிம்பாங் ரெங்கத்தில் இருந்த பையன்களுக்கு எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினோம்? அவர்கள் குண்டர்கள் என்று போலீஸ் சொன்னதை நாமும் நம்பிவிட்டோம். சொன்னது சரியா தவறா என்று பார்க்க வேண்டிய இடம் நீதிமன்றம். அங்கே அவர்கள் போகவே இல்லை.

2005-ல் போலீஸ் துறையை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம் இந்தச் சட்டத்தை ரத்து செய்யச் சொன்னது. கேட்கவில்லை. 2011 ஜூலையில் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர் டாக்டர் ஜெயக்குமாரையும் அவர் கட்சியினர் ஐவரையும் இதே சட்டத்தில் பிடித்தார்கள். ஒரு மருத்துவர், மக்கள் பிரதிநிதி, அவருக்கே இந்தக் கதி என்றால் லயத்தில் வளர்ந்த பையனுக்கு என்ன கதி என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அந்த ஆண்டு இறுதியில் அவசரகாலப் பிரகடனங்களை நாடாளுமன்றம் ரத்து செய்தது. 2012-ல் சட்டம் செத்தது.

சந்தோஷம் நீடித்ததா? துப்பாக்கிச் சூடுகள் நடந்தபோது, வெளியே வந்தவர்கள்தான் காரணம் என்றார்கள். 2013-ல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் 40,000-க்கும் மேல், அவர்களில் நூற்றுக்கு 70 பேர் இந்தியர்கள் என்றது. நாம் நாட்டின் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஏழு பேர். அதே ஆண்டு குற்றத்தடுப்புச் சட்டமான 'போக்கா'வைத் திருத்தினார்கள். இதன்படி 59 நாள் வரை விசாரணைக் காவல், அதன்பின் ஒரு வாரியம் முடிவு செய்தால் இரண்டு ஆண்டு தடுப்புக்காவல். அதையும் நீட்டிக்கலாம். பழைய பேய்க்குப் புதுச் சட்டை.

"சாட்சி சொல்ல ஆள் பயப்படுகிறார்கள், அதனால்தான் இந்தச் சட்டம் வேண்டும்" என்கிறார்கள். பயம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. சிறைக் காவலரையே சுட்டுக் கொன்ற ஊரில் பயம் இல்லையா? அங்கே அந்தப் பயத்தைத் தாண்டித்தான் வழக்கு நடந்தது. கொலை செய்தவனே சாட்சிக் கூண்டில் ஏறித் தலைவனைக் காட்டிக்கொடுத்தான். நம் நாட்டிலும் 2009-லேயே சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தை நன்றாக யோசியுங்கள். ஒரு பையனை வெட்டிக் கொன்றுவிட்டார்கள் என்று வையுங்கள். அவனும் நம் பிள்ளைதான். நம் கும்பல்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகளைத்தான் வெட்டுகின்றன. போலீஸ் நாலு பேரைப் பிடித்துத் தடுப்புக்காவலில் போடுகிறது. பிடிபட்டவனின் தாய் அழுகிறாள். செத்தவனின் தாய்க்கு என்ன கிடைத்தது? யார் வெட்டினான், ஏன் வெட்டினான், யார் ஏவினான்? ஒன்றும் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து நாலு பேரும் திரும்பி வருவார்கள். அவர்களில் ஒருவன் கொலைகாரனாக இருக்கலாம், நாலு பேருமே ஒன்றும் அறியாதவர்களாகவும் இருக்கலாம். அதே சந்தையில் அவர்கள் பக்கத்தில் நின்று அவள் மீன் வாங்க வேண்டும். விசாரணை இல்லாத சட்டம் இரண்டு தாய்களையும் ஏமாற்றுகிறது.

இப்போது தம்பிகளிடம் பேசுகிறேன். 'கபாலி' படம் 2016-ல் வந்தபோது விசில் அடித்தோம், நானும் அடித்தேன். மலேசியாவில் திரையிட்ட படத்தில் முடிவை மாற்றி, கபாலி போலீசில் சரணடைந்தார் என்று போட்டார்கள். திரையில் நீதி வேண்டுமாம். நிஜத்தில் நிலுவையில் கிடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு நம் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த 'ஜகாட்' படத்தைப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வந்த குடும்பம், படிக்கச் சொல்லி அடிக்கிற அப்பா, வழி தவறுகிற பையன். 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. அதில் கும்பல் வாழ்க்கைக்கு ஒளிவட்டம் இல்லை. சாவு ஊர்வலத்தில் ஐம்பது மோட்டார் முறுக்கிக்கொண்டு போவதைப் பெருமை என்று நினைக்காதீர்கள். படுத்திருப்பவனுக்கு அந்தச் சத்தம் கேட்காது.

பெற்றோர்களே, பிள்ளை கைதானால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். எந்த நிலையம், எந்த நேரம், விசாரணை அதிகாரி பெயர் என்ன, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். கைதுக்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரை நாடவும் அரசியலமைப்பின் 5-வது பிரிவு உரிமை தருகிறது. வழக்கமான கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 'போக்கா' என்று சொன்னால் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். நடைமுறையில் தவறு இருந்தால் ஆட்கொணர்வு மனு போட வழி உண்டு. வெட்கப்பட்டு மூடி மறைத்தால் நாள்தான் ஓடும்.

நாம் கேட்பது குற்றவாளிக்கு மன்னிப்பு இல்லை. குற்றம் செய்தவன் தண்டனை அனுபவிக்கட்டும். ஆனால் செய்தான் என்று முதலில் நிரூபியுங்கள். நாடகத்தில் வரும் அந்நியனுக்குக் கிடைக்கிற இரண்டாம் பாதி, இந்த மண்ணில் பிறந்த நம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.