தரகரைத் திட்டினால் டெபாசிட் வருமா?

(சங்கத்தின் தாராவிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று வீட்டுத் தரகர்களைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள், சிலர் பல்லைக் கடிக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு.

இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று நமக்கு வீடு காட்டியது யார்? அரசாங்கமா? வேலை கொடுத்த முதலாளியா? ஊர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தரகரிடம் விட்டார். இந்தியும் மராத்தியும் தெரியாத நமக்காக வீட்டுக்காரரிடம் பேசியவர் அவர்தான். வாடகை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அவரை எப்படி நடத்தினோம்? "அண்ணாச்சி, நம்ம பிள்ளைக்கு ஒரு ரூம் பாத்துச் சொல்லுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்தோம். மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் வைத்தோம். சந்தை விழுந்ததும் அதே அண்ணாச்சி திருடனாகிவிட்டார்!

2020ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 25இல் நாடு முழுதும் ஊரடங்கு. ஏப்ரல் 1இல் தாராவியில் முதல் கொரோனா நோயாளி. தோல் பட்டறை மூடியது, தையல் மிஷின் நின்றது, இட்லிப் பாத்திரம் அடுப்பேறவில்லை. லாரியிலும் பஸ்ஸிலும் ரயிலிலுமாக நம் குடும்பங்கள் நெல்லைச் சீமைக்குத் திரும்பின. சந்துக்குச் சந்து ரூம்கள் பூட்டிக் கிடந்தன. மூன்று மாத வாடகையைத் தள்ளிவைக்கும்படி வீட்டுக்காரர்களுக்கு மராட்டிய அரசு ஏப்ரலில் அறிவுறுத்தியது. அந்த அறிவுறுத்தல் நம் சந்துக்குள் நுழைந்ததா என்பது உங்களுக்கே தெரியும்.

அப்போதுதான் இட்லி வியாபாரம் செய்த நம் சகோதரி ஒருவர் சங்கத்துக்கு வந்தார். இரண்டு லட்சம் ரூபாய் ஹெவி டெபாசிட் கொடுத்துக் குடியிருந்தவர். ரூமைக் காலி செய்துவிட்டார். பணம் வரவில்லை. தரகரின் போன் அணைந்து கிடந்தது. விட்டோமா? இருபது பேர் ராத்திரியோடு ராத்திரியாகத் தரகர் வீட்டுக்குப் போனோம். நம்மில் ஒருவர் அவர் சட்டையையும் பிடித்துவிட்டார். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறோம். அவரோ கமிஷன் நின்றுபோய்த் தள்ளுவண்டியில் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தார். அவர் குடியிருந்ததும் வாடகை ரூம்தான்.

"அண்ணே, பணம் என் கையில இல்ல. வீட்டுக்காரர் கையில இருக்கு. அடுத்த பார்ட்டி வந்தாத்தான் அவர் தருவாரு" என்றார் அவர்.

தோழர்களே, இந்த ஒரு வார்த்தையில் விஷயம் முழுதும் இருக்கிறது. ஹெவி டெபாசிட் என்பது என்ன? நம் ஊரில் ஒத்தி என்போமே, ஏறக்குறைய அதுதான். பெருந்தொகையைக் கையில் கொடுத்துவிட்டால் வாடகை இல்லை, அல்லது பேருக்கு ஒரு வாடகை. வீட்டுக்காரர் அந்தப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. கடனை அடைக்கிறார், இன்னொரு ரூம் வாங்குகிறார். நாம் காலி செய்யும்போது, அடுத்து வருகிறவரின் டெபாசிட்டை வாங்கி நமக்குத் தருகிறார். சந்தை நன்றாக இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது. ஆள் வராத காலத்தில் சங்கிலி அறுந்து, கடைசியாகக் குடியிருந்தவர் தலையில் விழுகிறது. வீட்டுக்காரர் வீட்டு வாசலில் வாட்ச்மேன் நிற்கிறார். தரகர் வீட்டுக்கோ ஒரு தகரக் கதவு. கோபம் எந்த வாசலுக்குப் போயிற்று என்று பார்த்தீர்களா?

ஒப்பந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். அதில் இருபதாயிரம் என்று எழுதியிருந்தது! மீதியெல்லாம் ரொக்கம். முத்திரைச் செலவு மிச்சம் என்று தரகர் சொன்னார், நம் சகோதரியும் தலையாட்டினார். காகிதம் பதிவும் ஆகவில்லை. 1999ஆம் ஆண்டின் மராட்டிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 55ஆவது பிரிவில் என்ன சொல்கிறது? 'லீவ் அண்ட் லைசென்ஸ்' ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். பதிவு செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் வரை அபராதம். பதிவில்லாத இடத்தில் நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே எடுபடும், மறுதரப்பு வேறுவிதமாக நிரூபிக்கும்வரை. இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? குடிசைப் பகுதியில் வீட்டுக்காரருக்கே சரியான பத்திரம் இருக்காது, பதிவு எளிதல்ல என்பதையும் மறைக்கவில்லை. அங்கே பணத்தையாவது பாங்கு வழியாகக் கொடுங்கள்.

வீட்டுக்காரரிடம் நான்கு முறை நடந்தோம். "இருபதாயிரந்தான் வாங்கினேன்" என்று ஒரே பிடி. ஐந்தாம் முறை யார் கூட வந்தது தெரியுமா? சட்டையைப் பிடித்தோமே, அதே தரகர். "என் முன்னாலதான் ரெண்டு லட்சமும் எண்ணிக் கொடுத்தாங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வீட்டுக்காரரின் மற்ற ரூம்களும் இனித் தன் கைக்கு வராது என்று தெரிந்துதான் சொன்னார். எட்டு மாதத்தில் ஒன்றரை லட்சம் வந்தது. ஐம்பதாயிரம் இன்றுவரை வரவில்லை.

அதற்காகத் தரகர்கள் எல்லாரும் தங்கம் என்று சொல்ல வரவில்லை. ஒரே ரூமுக்கு மூன்று குடும்பத்திடம் டோக்கன் வாங்கியவரையும் பார்த்திருக்கிறோம். பதினொரு மாதம் முடிந்ததும் அதே ரூமுக்கு மறுபடி கமிஷன் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். விற்பனையில் கணக்கு இன்னும் வேறு. முப்பது லட்சத்து வீட்டுக்கு நூற்றுக்கு இரண்டு கமிஷன் என்றால் அறுபதாயிரம். விலை இரண்டு லட்சம் இறங்கினால் நமக்கு நஷ்டம் இரண்டு லட்சம். அவருக்கு? நாலாயிரம்! வியாபாரம் முடியாமல் போனாலோ அறுபதாயிரமும் போச்சு. அதனால்தான் மந்த காலத்தில் விற்கிறவரிடம் "இன்னும் விழும், தள்ளிவிடுங்க" என்பார், வாங்குகிறவரிடம் "இதுக்கு மேல விழாது" என்பார். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மும்பையில் முத்திரைத் தீர்வையை ஐந்து சதவீதத்திலிருந்து இரண்டாகக் குறைத்தார்களே, அப்போது இந்த இரண்டு பேச்சையும் ஒரே வாயில் கேட்டோம். அது பொய்யன் பேச்சு என்பதைவிடக் கமிஷன் பேச்சு என்பதே சரி. வீடு வாங்குகிறவருக்குத் தீர்வை குறைந்தது. டெபாசிட் பறிகொடுத்தவருக்கு என்ன குறைந்தது?

புதிய கட்டடத்தில் வீடு விற்கும் தரகர், 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். நம் சந்தில் வாடகைக்கு ரூம் பார்த்துத் தருகிறவரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. ஆகவே சங்கம் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறது. எந்த ரூம், எவ்வளவு டெபாசிட், யார் கையில் கொடுத்தது என்று எழுதி, தரகரும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்குப் பிறகே கமிஷன். ஏழு தரகர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்களிடமும் பேசி வருகிறோம்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் நோட்டு இருக்கும். ஒப்பந்தக் காகிதம், பாங்குப் புத்தகம் இரண்டையும் எடுத்து வாருங்கள். ரொக்கமாகக் கொடுத்தவர்கள் தரகரையும் கூட்டி வாருங்கள். சட்டையைப் பிடித்து அல்ல.