அணங்கவைக் கதைகளும் அவற்றின் தாய்மொழியும்

(நூலகப் படிப்போர் வட்டத்தில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியன் மேடையேறினால் ஐந்திணை பற்றியோ அறத்துப்பால் பற்றியோ பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் பேசவந்தது ஓர் ஆங்கிலப் புதினத்தைப் பற்றி. அதுவும் அணங்குகள் அரசாளும் நாட்டில் நிகழும் காதற்கதை பற்றி! இதற்குக் கரணியமாக இருந்தவள் என் வகுப்பு மாணவி ஒருத்தி.

நான் அலகிடுதல் கற்பித்துக் கொண்டிருந்த வேளையில், அவள் யாப்பு நூலின் உள்ளே வேறொரு நூலை வைத்துப் படித்துக் கொண்டிருந்தாள். அதை வாங்கி வைத்துக்கொண்டேன். மாலையில் அழைத்து, “என்னம்மா இது?” என்று கேட்டேன். அவள் தலை குனியவில்லை. “ஐயா, இதுபோல் தமிழில் ஒன்று கொடுங்கள், அதையே படிக்கிறேன்” என்றாள். முப்பதாண்டுக் காலம் மாணவர்க்கு விடை சொல்லியே பழகிய எனக்கு அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. எனவே நூலை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். அறியாத ஒன்றைக் கடிதல் ஆசிரியர்க்கு அழகன்று என்பதனால் மூன்றிரவில் அதைப் படித்து முடித்தேன்.

நூலின் பெயர் ‘எ கோர்ட் ஆவ் தார்ன்சு அண்டு ரோசசு’. ‘முள்ளும் முளரியும் உடைய அவை’ என நாம் பெயர்த்துக் கொள்ளலாம். 2015-ஆம் ஆண்டு வெளிவந்தது. எழுதியவர் சாரா மாசு என்னும் அமெரிக்கப் பெண்மணி. மாசு என்பது அவர்தம் குடிப்பெயர். நம் மொழியில் அச்சொல்லுக்குள்ள பொருளை இங்கு யாரும் ஏற்றிக் கொள்ளற்க.

கதை இது. வறுமையுற்ற குடும்பத்தைக் காக்க வேட்டையாடும் பெய்ரா என்னும் பத்தொன்பது அகவைப் பெண் காட்டில் ஓர் ஓநாயைக் கொல்கிறாள். அஃது ஓநாயன்று, உருமாறி வந்த அணங்கினத்தவன். கொலைக்கு ஈடாக அவளைத் தன் நாட்டுக்குக் கொண்டு செல்கிறான் தாம்லின் என்னும் அணங்கர் தலைவன். அந்நாட்டில் ஏழு அவைகள் உள்ளன. இளவேனில், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்னும் பருவ அவைகள் நான்கு. வைகறை, பகல், இரவு என்னும் பொழுதவைகள் மூன்று. பகை கொண்ட அரசி ஒருத்தியின் சாவிப்பில் அந்நாடு சிக்கியுள்ளது. அதை நீக்க அப்பெண் மூன்று கடுந்தேர்வுகளுக்கு உட்படுகிறாள். விடுகதை ஒன்றுக்கும் விடை காண வேண்டியவளாகிறாள். விடுகதையின் விடை ‘காதல்’ என்பது. இறந்துபட்ட அவளை ஏழு தலைவரும் தத்தம் ஆற்றலில் ஒவ்வொரு துளி ஈந்து உயிர்ப்பிக்கின்றனர். அதனால் தீயும் நீரும் பனியும் இருளும் அவள் ஏவல் கேட்கும் நிலை அடுத்த புதினத்தில் வருகிறது. இத்தொடரில் முதிர்ந்தோர்க்கே உரிய காதற் காட்சிகளும் உள்ளன என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று.

பருவமும் பொழுதும் நிலத்தின் இயல்பும் காதலோடு பிணைந்து வருவதைக் கண்டதும், முதற்பொருளும் உரிப்பொருளும் பயின்ற என் உள்ளம் சற்றே மகிழ்ந்தது என்பதை மறைப்பானேன்? ஆயினும் இஃது எங்கிருந்து வந்தது என்று வேர் தேடுவதே தமிழாசிரியன் இயல்பு. ஆகலின் தேடலானேன்.

முதலில் பெயரைக் காண்போம். இக்கதை மாந்தரை ஆங்கிலத்தார் ‘பே’ என்றும் ‘பேரி’ என்றும் வழங்குவர். அச்சொல் பழம் பிரெஞ்சு வழியாக இலத்தீனின் ‘பாட்டா’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு ஊழை வகுக்கும் பெண் தெய்வங்கள் என்பது பொருள். நாம் ‘தேவதை’ என்று கூறிவிட்டு அமைகிறோம். அதைவிடப் பொருந்திய சொல் நம் முன்னோர் வழங்கிய ‘அணங்கு’ என்பதே. மலையிலும் சுனையிலும் உறைவது, அழகால் மயக்குவது, மயக்கி வருத்துவது, அதுவே அணங்கு. திருவள்ளுவர் காமத்துப்பாலின் முதல் அதிகாரத்திற்கு அமைந்த பெயரே தகையணங்குறுத்தல் அன்றோ? எனவே இவ்வகை நூல்களை அணங்கவைக் கதைகள் என்கிறேன்.

இனி, அணங்குகளுக்கு அவை எங்ஙனம் வந்தது? இசுக்காட்லாந்து நாட்டுப்புறத்தார் சீலி அவை, அன்சீலி அவை என இரண்டு கூறினர். ‘சீலி’ என்றால் நற்பேறு பெற்றது. அதன் உடன்பிறப்புச் சொல்லே இன்று ஆங்கிலத்தில் ‘சில்லி’ எனத் தேய்ந்து அறிவின்மையைக் குறிக்கிறது. சொல்லும் மாந்தரைப் போல் உயர்ந்து தாழும் என்பதற்கு இஃதொரு சான்று. முதலவையார் மாந்தர்க்கு நன்மையே நினைப்பர், அவமதித்தால் ஒறுப்பர். மற்றையோர் ஏதும் செய்யாதாரையும் துன்புறுத்துவர்.

அயர்லாந்தில் இம்மாந்தர்க்கு ‘சீ’ மக்கள் என்று பெயர். அயரிய மொழியில் ‘சீ’ என்பது மேடு. பண்டை மண்மேடுகளின் உள்ளே அவர்கள் அரண்மனை அமைத்து வாழ்கின்றனர் என்பது நம்பிக்கை. அம்மேட்டை உழுதலும், அதன்மேல் நிற்கும் முள்மரத்தை வெட்டுதலும் கூடா. இது பழங்கதை மட்டுமன்று. 1999-இல் கிளேர் மாவட்டத்தில் நெடுஞ்சாலை அமைக்க வந்தபோது, வழியில் நின்ற முள்மரம் ஒன்றை வெட்டலாகாது என்று எட்டி இலெனிகன் என்னும் கதைசொல்லி குரல் எழுப்பினார். அது சீ மக்கள் கூடும் இடம் என்பது அவர் கூற்று. மரம் வெட்டப்படாமல் காக்கப்பட்டது. ஒரு கதை ஒரு மரத்தைக் காத்தது!

அணங்கு நாட்டைப் பற்றி முதன்முதலில் முறையாக எழுதியோருள் ஒருவர் இராபர்ட்டு கர்க்கு என்பவர். இசுக்காட்லாந்தின் அபர்பாயில் ஊரில் கிறித்தவக் குருவாக இருந்தவர். கேலிக் மொழி வல்லுநர். திருப்பாடல்களை 1684-இல் அம்மொழியில் பாவாக்கி அளித்தவர். தம் ஊரார் மறைவாகக் கூறிய அணங்குச் செய்திகளை 1691, 1692 ஆண்டுகளில் எழுதி வைத்தார். 1692-இல் அவர் மறைந்தபோது, அவர் இறக்கவில்லை, குன்றின் உள்ளே அணங்குகள் கொண்டுபோயின என்றே ஊரார் கூறினர். அந்நூல் 1815-இல்தான் அச்சேறியது.

புதினத்தின் தாம்லினும் புதியவன் அல்லன். ‘தாம் லின்’ இசுக்காட்லாந்தின் எல்லைப்புறக் கதைப்பாடல். 1549-இல் வெளிவந்த ஒரு நூலிலேயே அதன் பெயர் காணப்படுகிறது. அணங்கரசி கவர்ந்து சென்ற காதலனைச் சேனட்டு என்னும் பெண் நள்ளிரவில் குதிரையிலிருந்து இழுத்துத் தழுவிக் கொள்கிறாள். அவன் பாம்பாகிறான், கொடுவிலங்காகிறான், எரிதழலாகிறான். அவள் விடவில்லை, அதனால் மீட்கிறாள். பெண்ணின் துணிவால் ஆடவன் மீள்கின்ற அக்கதையே இன்றைய புதினத்தின் முதுகெலும்புகளுள் ஒன்று.

தீயும் நீரும் ஏவல் கேட்பதற்கு வேறொரு வேர் உண்டு. சுவிட்சர்லாந்து மருத்துவர் பாராசெல்சு (1493–1541), நீர்க்கு உண்டைன், வளிக்குச் சில்பு, நிலத்திற்கு நோம், தீக்குச் சாலமாண்டர் என நால்வகை உயிர்களை வகுத்தார். அந்நூல் அவர் மறைந்தபின் 1566-இல் அச்சாயிற்று. நீர்மகளுக்கு ஆன்மா இல்லை. மாந்தனை மணந்தால் அதைப் பெறுவாள் என்றார் அவர். அக்கருத்தைக் கொண்டு செருமானியராகிய பூக்கே 1811-இல் ‘உண்டைன்’ என்னும் காதற்கதை இயற்றினார். எனவே, இயற்கையாற்றலும் காதலும் இணைந்த கதைக்கு இருநூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு.

இதுவரை வேர்களைக் கண்டோம். இனி, வேரூன்றிய மண்ணின் நிலை என்ன? என் நெஞ்சை உறுத்தியது இதுவே.

சீ மக்களின் கதைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது அயரிய மொழி. 1831-க்குப் பின் எழுந்த நாட்டுப் பள்ளிகள் ஆங்கிலத்தில் கற்பித்தன. பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, அவன் தாய்மொழியில் பேசுந்தோறும் அதில் ஒரு வெட்டு வெட்டி, வெட்டெண்ணி அடித்த வழக்கமும் பல இடங்களில் இருந்தது. கொடுமை என்னவென்றால், அதற்குப் பெற்றோரும் உடன்பட்டனர்! ஆங்கிலமே சோறு போடும் என்று நம்பினர். 1845 முதல் 1852 வரை பெரும்பஞ்சம். ஏறத்தாழப் பத்து இலக்கம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் நாடு விட்டு நீங்கினர். மாண்டோருள்ளும் நீங்கினோருள்ளும் அயரிய மொழி பேசிய ஏழைகளே மிகப் பலர். 1851-இல் ஏறத்தாழ 15 இலக்கம் பேர் அம்மொழி பேசினர். 1891-இல் அத்தொகை ஏழு இலக்கத்திற்கும் கீழ் இறங்கியது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அயரியம் பேசுவதாகக் கூறியோர் ஏறத்தாழ 72,000 பேரே.

இப்போது மீண்டும் புதினத்திற்கு வருவோம். நூலின் முகப்பில் நிலப்படம் ஒன்று உள்ளது. ஏழு அவைகளும் அமைந்த பிரித்தியன் நாடு பிரித்தானியத் தீவின் வடிவினதாகக் காணப்படுகிறது. அதன் மேற்கே ஒரு தீவு, பெயர் ஐபெர்ன். அயர்லாந்தின் இலத்தீன் பெயர் ஐபெர்னியா. அப்புனைவில் அத்தீவின் அரசன் யார் தெரியுமா? மாந்தரை மீண்டும் அடிமையாக்கத் துடிக்கும் கொடும் பகைவன்! அணங்குக் கதைகளை உலகிற்கு ஈந்த மண், அணங்குக் கதைக்குள்ளேயே பகைவர் நாடாகி நிற்கிறது. ஆசிரியர் வேண்டுமென்று செய்தார் என்று நான் கூறவில்லை. நினையாமல் செய்தார் எனின் அதுவே பெரிய செய்தி. மொழி தளர்ந்த இனத்தின் செல்வத்தைப் பிறர் எடுத்தாளும்போது, உடையவர் யார் என்ற நினைவே அவர்க்கு எழுவதில்லை.

அன்பர்களே, கடன் கொள்ளுதலை நான் குற்றம் என்னவில்லை. கதை ஆறு போன்றது. கரை கடந்து ஓடும். அந்த அம்மையார் பழையனவற்றை அறிந்தே மாற்றியுள்ளார். அணங்குக்கு இரும்பு ஆகாது, அணங்கு பொய் கூறாது என்னும் பழைய நம்பிக்கைகள் பொய்யென அவர் கதையில் தெளிவாகின்றன. அஃது ஆக்குவோன் உரிமை. என் கேள்வி அவரை நோக்கியதன்று. கதைக்கு உரியவரை நோக்கியது. உரியவர் என்ன செய்தனர்?

அயர்லாந்தார் கைகட்டி நின்றாரல்லர். தக்ளசு ஐடு என்னும் அறிஞர் 1890-இல் நாட்டுப்புறக் கதைகளை அயரிய மூலத்தோடு வெளியிட்டார். 1893-இல் தோன்றிய கேலிக் கழகத்தின் தலைவரானார். 1938-இல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவராகவும் ஆனார். 1935-இல் அரசு நாட்டுப்புற வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. அவ்வாணையம் 1937 முதல் 1939 வரை செய்த செயலை எண்ணுந்தோறும் ஆசிரியனாகிய என் உடல் சிலிர்க்கிறது. ஏறத்தாழ 5,000 தொடக்கப் பள்ளிகளில், கட்டுரை எழுதும் பாடவேளையை இதற்கென ஒதுக்கினர். “வீட்டுக்குப் போ, பாட்டியிடமும் பாட்டனிடமும் கேள், கேட்டதை எழுதி வா” என்றனர். ஏறத்தாழ 50,000 பிள்ளைகள் எழுதி வந்தனர். தாய்மொழி பேசியதற்காகக் குச்சியில் வெட்டு வாங்கிய பிள்ளைகளின் வழித்தோன்றல்கள், அதே பள்ளியில், அப்பாட்டிமாரின் சொல்லை எழுதினர்! அவ்வாணையத்தின் தொகுப்பு 2017-இல் யுனெசுகோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. மொழி முற்றும் மீளவில்லை. ஆயினும் கதைகள் உரியவர் பெயரோடும் ஊரோடும் நிலைத்தன.

இதுவே நான் கூறவந்த ஒரே கருத்து: படிக்காதே என்பது விடையன்று, எழுது என்பதே விடை. ஆங்கிலப் புதினத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் ஆசிரியன், அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுக்க இயலாதவனாயின் அவன் கை வெறுங்கையே.

மாணவியிடம் நூலைத் திருப்பிக் கொடுத்தேன். “உன் கேள்விக்கு இப்போது என்னிடம் விடை இல்லையம்மா. உன் பாட்டியிடம் இருக்கலாம். கேட்டு எழுதி வா” என்றேன். பத்து நாள் கழித்து நான்கு பக்கம் எழுதி வந்தாள். அவள் ஊர் ஏரிக்கரைக் கன்னிமார் எழுவர் பற்றிய கதை. அவருள் இளையவள் மடைகாக்கும் இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். ஏரி நிறையும் இரவில் அவன்... அவ்வளவில் கதை நின்றிருந்தது.

“மீதி எங்கே?” என்றேன்.

“பாட்டிக்கு நினைவில்லை ஐயா. சின்னப் பாட்டிக்குத் தெரியுமாம். அவர்க்கு எண்பத்து நான்கு அகவை, படுக்கையில் இருக்கிறார். தேர்வு முடிந்ததும் போகிறேன்” என்றாள்.

“தேர்வு ஆண்டுதோறும் வரும். நீ நாளையே போ” என்றேன்.

உங்களுக்கும் நான் கூறுவது அதுவே.