பிரிவி கவுன்சிலில் நமக்கு என்ன இடம் இருந்தது?

 

பிரிட்டிஷ் ஆட்சியில் நம் வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இயங்கிய பிரிவி கவுன்சிலின் தீர்ப்புகளை நம் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறோம். தீர்ப்பு என்ன சொன்னது என்று பார்க்கிறோம். சொன்னவர் யார், நம் தரப்பில் அங்கே யார் உட்கார்ந்திருந்தார் என்று அவ்வளவாகக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

1833ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவை அமைத்தது. இந்தியாவிலோ கடல் கடந்த பிற ஆட்சிப் பகுதிகளிலோ நீதிபதியாக இருந்த இருவர் அதில் அமர்வதற்கு, ஆளுக்கு ஆண்டுக்கு 400 பவுன் என்று அச்சட்டம் வகை செய்தது. தொடக்கத்திலேயே வந்தவர்களில் ஒருவர் சர் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன். இலங்கையின் தலைமை நீதிபதியாக இருந்தவர். சிறு வயதை மதுரையில் கழித்தவர். காலனி மக்களின் சட்டத்தை அங்கே எடுத்துச் சொல்ல, காலனியில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ்காரரே போதும் என்பதுதான் அன்றைய எண்ணம்.

அந்த எண்ணம் எல்லா வழக்குகளிலும் பொய்த்துவிடவில்லை. இராமநாதபுரம் ஜமீன் வழக்கை எடுத்துக்கொள்வோம். ஜமீன்தாரான சேதுபதியின் விதவை ராணி, கணவர் அனுமதி தராமல் இறந்துவிட்ட நிலையில், பங்காளிகளின் சம்மதத்தோடு ஒரு பிள்ளையைச் சுவீகாரம் எடுத்தார். அது செல்லாது என்று மதுரைக் கலெக்டர் தரப்பு வாதாடியது. சுவீகாரம் செல்லும் என்று 1868இல் தீர்ப்பு வந்தது. ஐயமின்றி நிறுவப்பட்ட வழக்கம், எழுதிவைத்த சாஸ்திரத்தை விட வலுவானது என்ற விதி அதில்தான் நிலைபெற்றது. தீர்ப்பை எழுதியவர் கல்கத்தாவில் தலைமை நீதிபதியாக இருந்த சர் ஜேம்ஸ் கோல்வில்.

ஆனால் அதே வகையான அனுபவம் 1894இல் கைகொடுக்கவில்லை. குடும்பத்தாரின் நலனுக்காக ஏற்படுத்தப்பட்ட வக்ஃபு என்னும் இஸ்லாமிய அறக்கொடை செல்லாது என்று ஹாப்ஹவுஸ் பிரபு அறிவித்தார். அவரும் வைஸ்ராயின் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர்தான். அத்தகைய வக்ஃபு இஸ்லாமியச் சட்டப்படி செல்லும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சையது அமீர் அலி முன்பே விரிவாக எழுதியிருந்தார். லண்டன் அதை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பை மாற்ற 1913இல் இந்தியாவில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

இதற்கிடையே 1895ஆம் ஆண்டுச் சட்டம் கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் நீதிபதிகளுக்குக் குழுவில் இடம் தந்தது. மேல்முறையீடுகளை ஏராளமாக அனுப்பிவந்த இந்தியாவின் நீதிபதிகளுக்கு அந்த வழி 1908இல்தான் திறந்தது. 1909இல் முதல் இந்தியராக உள்ளே போனவர் அதே அமீர் அலி.

அவர் அங்கே போனதால் என்ன மாறியது? 1921இல் சென்னை மாகாணத்திலிருந்து மடத்துச் சொத்து பற்றிய மேல்முறையீடு ஒன்று போயிற்று. மடாதிபதி ஆங்கிலச் சட்டம் சொல்லும் டிரஸ்டி அல்லர் என்று தீர்ப்பளித்த அமீர் அலி, இந்து மடத்தையும் வக்ஃபையும் ஒருசேர எடுத்துப் பேசி, டிரஸ்ட் என்னும் ஆங்கிலச் சட்டகம் இவ்விரண்டுக்கும் அப்படியே பொருந்தாது என்று விளக்கினார். 1894இல் எடுபடாமல் போன சிந்தனையின் சாயலை நான் இதில் காண்கிறேன். ஒரு முஸ்லிம் நீதிபதியின் பேனாவால் இந்து மடங்களின் இயல்பு லண்டனில் எடுத்துரைக்கப்பட்டது. நம் சட்ட வரலாற்றில் நாம் போற்ற வேண்டிய பக்கம் இது.

ஆயினும் இருக்கை கிடைத்ததாலேயே குரல் கிடைத்துவிடவில்லை. நீதிக்குழு அன்று மன்னருக்கு ஒரே ஆலோசனையைத்தான் வழங்கியது. மாறுபட்ட கருத்தை வெளியிட 1966 வரை இடமிருக்கவில்லை. கல்கத்தாவில் இருந்தபோது அமீர் அலி தம் மறுப்பை ஊரறிய எழுத முடிந்தது. லண்டனில் அவர் மறுத்திருந்தால் அது அறைக்குள்ளேயே அடங்கியிருக்கும். அவருக்குப் பின் நீதிக்குழுவில் அமர்ந்த தின்ஷா முல்லா, ஜெயகர், நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன சர் சி. மாதவன் நாயர் ஆகியோருக்கும் இதே கட்டுப்பாடுதான். எனவே இந்தியர்கள் எத்தனை பேர் அமர்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது. தீர்ப்பை எழுதியவர் யார், எந்த வழக்குகள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன என்பதையும் ஆராய வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு நாட்டுக்கு இடம் கிடைத்தால் அந்நாட்டில் வாழும் எல்லோருக்கும் இடம் கிடைத்ததாகுமா? 1953இல் இலங்கையைச் சேர்ந்த எல். எம். டி. டி சில்வா பிரிவி கவுன்சிலர் ஆனார். அதே ஆண்டில் கோடகன் பிள்ளை வழக்கில், பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த சட்டங்கள் செல்லும் என்று நீதிக்குழு முடிவு சொன்னது. இலங்கையின் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்கு அளித்த காப்பு அந்த மக்களுக்குக் கைகொடுக்கவில்லை. தோட்டத் தொழிலாளியின் நிலையை உள்ளிருந்து அறிந்தவர் அந்தப் பீடத்தின் அருகே எங்கும் இல்லை. பிரதிநிதித்துவம் பற்றிப் பேசும்போது இந்த மக்களை மறந்துவிட்டுப் பேசக் கூடாது என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியாவின் மேல்முறையீடுகள் 1949இலும் இலங்கையின் மேல்முறையீடுகள் 1970களின் தொடக்கத்திலும் நின்றுபோயின. ஜமைக்காவும் மொரீஷியஸும் டிரினிடாட்டும் இன்றும் லண்டனுக்குத்தான் போகின்றன. ஆகவே இது பழங்கதை அல்ல. இளம் ஆய்வாளர்கள் தீர்ப்புகளோடு நின்றுவிடாமல், லண்டனுக்கு அச்சிட்டு அனுப்பிய வழக்கு ஆவணங்களையும் தேடிப் படிக்க வேண்டும். கீழ்நீதிமன்றத்தில் நம் ஊர் மணியக்காரரும் பங்காளியும் விதவையும் சொன்ன சாட்சியங்கள் அவற்றில் இருக்கின்றன. அவர்கள் சொன்னதில் எவ்வளவு தீர்ப்புவரை போய்ச் சேர்ந்தது என்பதை வழக்கு வழக்காக ஒப்பிட்டுப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் ஒன்றில் மக்களுக்கு உண்மையில் என்ன இடம் இருந்தது என்பதற்கு அதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பணிக்கு இக்கருத்தரங்கு வழி திறக்கட்டும் என்று வாழ்த்தி, இதைத் தொடங்கி வைக்கிறேன்.